கம்ப்யூட்டரில் அக்காரவடிசில்

"கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்திருக்கேங்க" என்றான் ரஞ்சித்.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தோம்" என்றாள் சுபலட்சுமி. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில், ஸ்ரீரங்கராஜன் கேட்டரிங் ஆபீஸ் முழுக்க அவள் பொறுப்பு. எந்தக் கம்பெனி, யார் அனுப்பினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படியொரு வெகுளியைக் காவலுக்கு வைத்திருக்கிறார்களே என்று அவனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ரஞ்சித் வேலை பார்ப்பது தில்லைநகர் பீமராவ் கேட்டரிங்கில். ஸ்ரீரங்கராஜனின் அக்காரவடிசிலுக்காகவே நல்ல நல்ல கல்யாணமெல்லாம் ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்குவத்தை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார், கம்ப்யூட்டரோ ரிப்பேர் என்று பந்தி பரிமாறுகிறவர்கள் சேதி கொண்டுவந்தார்கள்.

"சர்வீஸ் ஆள் மாதிரி போய் அதை எடுத்துட்டு வா" என்றார் பீமராவ். "வெறுங்கையோட வந்தே, தை மாசம் பூரா நீ எச்சில் இலைதான் எடுப்பே."

பி.சி.ஏ. படித்தவன் இலை எடுப்பதாவது! உடனே பஸ் ஏறினான்.

பென்டிரைவைச் செருகினோமா, எடுத்தோமா என்று கிளம்பிவிடலாம் என நினைத்து வந்தான். ஆனால் டேட்டாபேஸ் சர்வர் எழுந்திருக்கவே இல்லை. அது ஓடினால்தான் உள்ளே இருப்பது திறக்கும். ஆக, திருட வேண்டுமென்றால் முதலில் ரிப்பேர் பார்த்தாக வேண்டும்!

"இடம் பத்தலைன்னு காட்டுச்சு, எதையோ அழிச்சோம்" என்றாள். அழித்தது சர்வர் மென்பொருளில் பாதியை; உள்ளே இருந்த தகவல்கள் தப்பியிருந்தன. மென்பொருளின் மீதிப் பாதியையும் அவனே துடைத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஏற்றுவதற்கு 'இன்ஸ்டால்' பட்டனை அமுக்கப் போனான்.

"ஐயோ, கையை எடுங்க! ராகு காலம்!"

மூன்று மணிவரை அவனை அசையவிடவில்லை. தயிர்சாதமும் மாவடுவும் வந்தன. "கூப்பிட்ட சர்வீஸ் ஆள் யாருமே வரலைங்க. எங்க சார் கூலியில பேரம் பேசுவாருன்னு பயம்" என்று புலம்பினாள். திருட வந்த இடத்தில் இரண்டாம் தடவை மோர் வாங்கிக் குடிக்கும்போது ரஞ்சித்துக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நல்ல நேரத்தில் ஏற்றியதில் சர்வர் ஓடியது. ஆனால் அடுத்த மேஜையில் இருந்த ஸ்ரீரங்கராஜனின் கம்ப்யூட்டர், 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்றது.

"முக்கியமானதெல்லாம் அதுலதாங்க திறக்கும்" என்றாள் சுபலட்சுமி.

ரஞ்சித் பல்லைக் கடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தான். சர்வரின் பின்பக்கம், நெட்வொர்க் வயர் செருகும் துளைக்குள் சந்தனம் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது.

"ஆயுத பூஜைக்கு சார் வெச்ச பொட்டுங்க. இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்னு அவருக்குச் சந்தேகம், ரெண்டு பக்கமும் வெச்சிட்டாரு."

அவள் கொடுத்த ஹேர்பின்னால் சுரண்டிச் சுரண்டி வயரைச் செருகினான். திரை பளிச்சென்று திறந்தது. நட்டநடுவில் 'அக்காரவடிசில்' என்று ஒரு கோப்பு! அவள் காபி எடுக்க உள்ளே போனாள். காலடிச் சத்தம் திரும்பி வருவதற்குள் அது அவன் பென்டிரைவில் இருந்தது.

"சர்வீஸ் சார்ஜ் எவ்வளவுங்க?"

"அதெல்லாம் வேண்டாங்க. வாரண்டியிலேயே வந்துடும்" என்றான் பெருந்தன்மையாக.

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றாள் அவள்.

ஜெயித்த மிதப்பில் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அவள் போனில் பேசுவது கேட்டது.

"சார், சர்வர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. நம்ம அண்டாவெல்லாம் எந்தெந்த மண்டபத்துல மாட்டிக்கிட்டிருக்குன்னு இனிமே பார்த்துக்கலாம். ஆமாங்க சார், பீமராவ் ஆள்தான். பைசா வாங்கலை. பாவம், அக்காரவடிசில் அண்டா கணக்கைப் பக்குவம்னு நினைச்சு பத்திரமா எடுத்துட்டுப் போறாரு."

ரஞ்சித் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றான்.

"அப்புறம் சார், பிரிண்டரும் மக்கர் பண்ணுது. புளியோதரைப் பக்குவம் அதுக்குள்ளதான் இருக்குன்னு பந்தியில கிளப்பி விடட்டுமா?"