மழை வந்தால் ரத்து

“இன்னைக்கு நிகழ்ச்சி ரத்து. மழை பெய்யுது,” என்றார் ஹிரோசே. ஜப்பானின் கியூஷு தீவில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போன வருஷம் ஆறு என் வீட்டு மாடி வரைக்கும் வந்துச்சே, மறந்துட்டீங்களா? பூமி சூடாயிட்டே போகுது. இனிமே மழைன்னா இப்படித்தான் கொட்டும்.”

“சும்மா பூமி சூடு, பூமி சூடுன்னு. எங்கப்பா காலத்துலயும்தான் வெள்ளம் வந்துச்சு.”

“வருஷா வருஷம் வந்துச்சா?”

“எகுச்சி சான், நீங்க தொண்டை கிழியக் கத்தினாலும் விதி விதிதான். மழை வந்தா ரத்து. வயசானவங்க நனைஞ்சு வழுக்கி விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?”

எல்லோருக்குமாகப் பிடித்து வைத்திருந்த சோற்றுருண்டைகளை அவர் கையில் திணித்தேன். “இதையும் நீங்களே தின்னுங்க.”

அதற்குள் கம்பத்து ஒலிபெருக்கி பேசியது:

“குடியிருப்போர் கவனத்திற்கு. இன்று நடக்கவிருந்த, கனமழை வெள்ளத்திலிருந்து தப்பிக்கும் பயிற்சி, மழை காரணமாக ரத்து செய்யப்படுகிறது.”