கல் போகும் பக்கம்

அவள் எறிந்த செங்கல் மேலே கொத்துக்கரண்டியில் பட்டுத் தெறித்தது.

கீழே மணலில் வந்து விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். ஒரு மூலை உடைந்திருந்தது. அதைத் தனியாக வைத்தாள்.

சாரத்தின் மேலிருந்து புதுக் கொத்தனார் எட்டிப் பார்த்தான். வெளியூர்க்காரன். இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறான்.

“யக்கா, கல்ல எனக்குப் போடுதியா, எமனுக்குப் போடுதியா?”

கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தச் சுவரைப் பாதி நீளம்வரை எழுப்பியவன் அவள் கணவன். காமாலையில் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்கு வந்தாள். மேஸ்திரியிடம் ஒன்றுதான் கேட்டாள். அந்தச் சுவருக்கு நான்தான் கல் போடுவேன்.

மேஸ்திரி இப்போது அருகில் வந்தார்.

“இங்க பாரு தாயி, இன்னொண்ணு விழுந்தா நீ மணல் சலிக்கப் போயிரு. இந்தச் செவருக்கு வேற ஆளப் போட்டுக்கிடுதேன்.”

அவள் அடுத்த கல்லைக் கையில் எடுத்தாள்.

சித்தாள் என்றால் சின்ன ஆள். வயதைச் சொல்வதல்ல. பேரன் எடுத்தவளும் சித்தாள்தான். மண், கல், கலவை, தண்ணீர் என்று எதைச் சுமந்தாலும் அவள் வேலை ஒன்றே. கொத்தனாரின் கை சும்மா நிற்கக் கூடாது. அதனால் தனியாக ஒரு சித்தாள் என்று கிடையாது. யாருக்குச் சித்தாள் என்றுதான் கேட்பார்கள்.

வீட்டில் கணவன் அவளைப் பவுனு என்பான்.

சாரத்தில் ஏறிவிட்டால் பெயர் கிடையாது.

“சித்தாளு, கல்லு.”

அவள் எறிவாள். மேலே போகிற கல், திரும்பி விழுமுன் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அப்போது அதற்குக் கனமே இல்லை. அந்த நேரத்தில் கை அங்கே இருந்தால் போதும். கோழிக்குஞ்சு மாதிரி வந்து உட்காரும்.

அவன் கை எப்போதும் வலப்பக்கம் இருக்கும். இடக்கைக்காரன். கரண்டி இடது கையில், கல்லுக்கு வலது கை.

மற்ற கொத்தனார்களுக்கு அப்படியில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் கைக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைக்கு ஒரே ஒரு கொத்தனார்.

யாரோ புதியவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் சாரத்தின் விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

“யக்கா, நான் சோத்தாங்கையில கரண்டி பிடிக்கவன். நீ பீச்சாங்கைப் பக்கம் போடு. மெதுவாப் போடு. அவசரமில்ல.”

அவள் இடப்பக்கம் எறிந்தாள். ஒவ்வொரு தடவையும் நினைத்து நினைத்து எறிந்தாள்.

சுவர் நின்ற ஓரத்தில் கணவன் ஒன்று விட்டு ஒரு கல்லை நீட்டி வைத்திருந்தான். பாதியில் நிறுத்தும் சுவரை அப்படித்தான் விட வேண்டும். பிறகு வருகிறவனின் கல் அந்த இடைவெளிகளில் போய்க் கோத்துக்கொள்ளும். செங்குத்தாக முடித்துவிட்டால் பழையதும் புதியதும் ஒட்டாது, நடுவில் கீறல் விடும்.

புதியவனின் கற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பொருந்தின.

மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு கல்கூட விழவில்லை. அவள் நினைத்து எறிவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் யக்கா என்பதை விட்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“சித்தாளு, கல்லு.”

மேஸ்திரி ஒரு கணம் நின்று பார்த்தார்.

“பழகிட்டியே தாயி” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

வெயில் சாயும்போது மேல்வரிசை முடியப்போனது. அவள் பக்கத்தில் காலையில் உடைந்த கல் கிடந்தது. கையில் எடுத்தாள்.

இது ஒன்று மட்டும் வலப்பக்கம்.

விழுந்தாலும் விழட்டும். நாளைக்கு மணல் சலிக்கச் சொன்னாலும் சொல்லட்டும்.

வலப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே வெறும் வானம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு எறிந்தாள்.

கல் இடப்பக்கம் போயிற்று. ஒரு கணம் நின்றது.

புதியவன் கையில் உட்கார்ந்தது.