எக்ஸெல் அளவு

ஜப்பானின் ஃபுகுவோகாவில், நிலத்தடி அரங்கின் படிக்கட்டில் இறங்கிவரும் மாலை வெளிச்சம் டி-ஷர்ட் மேசையோடு நின்றுவிடுகிறது. பாடகி சிஹோ புதிதாக வந்தவற்றை மடித்து அடுக்குகிறாள். நல்ல கனத்த பருத்தி. கழுத்துப்பட்டி இன்னும் விறைப்பாக இருக்கிறது. கச்சேரிக்கு முன் இசைக்குழுவினர் ஆளுக்கோர் அளவைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நிற்பார்கள். ரசிகர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சிஹோ எஸ், கிட்டார்க்காரன் எம். எக்ஸெல் போட்டு நின்ற டிரம்மர் தைச்சி வசந்தத்தில் இறந்துபோனான். "எக்ஸெல் தோள்ல எப்படி நிக்கும்க்கா?" என்று உயரமான பெண்ணொருத்தி கேட்கிறாள். "தைச்சி, கொஞ்சம் திரும்பிக் காட்டுடா" என்று சிஹோவின் வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறது. அவள் கைகள் ஒரு ஷர்ட்டின் மேல் அப்படியே கிடக்கின்றன. வரிசையில் நிற்கும் தைச்சியின் அப்பா முன்னால் வருகிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எக்ஸெல் ஒன்றை எடுத்துத் தன் வெள்ளைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்கிறார். தோள் தையல் சரியாகத் தோள்முனையில் உட்காருகிறது. "கழுத்து கொஞ்சம் இறுக்கம்தாம்மா. துவைச்சா சரியாயிடும்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறார். பிறகு, "பின்பக்கமும் பாக்கணும் இல்லையா?" என்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல், மெல்லத் திரும்பி நிற்கிறார்.