படகோட்டியின் வழக்கு

"தீர்ப்பைச் சொல்லிப்போட்டு பிளேன் ஏறு" என்றான் அருந்தவன்.

கேரம் டவுன்ஸ் கோயில் கன்டீனில் சனிக்கிழமைக் கூட்டம். காலியாக இருந்தது ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை. அதில் பிரஷாந்தனைப் பிடித்து இருத்திவிட்டு, அருந்தவன் தோசைத் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றான்.

இருவரும் நேரில் பார்த்துப் பன்னிரண்டு வருடம். சிட்னியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த பிரஷாந்தனுக்கு ஐந்து மணிக்கு விமானம்.

"என்ன தீர்ப்படா?"

"படகோட்டி வழக்கு. மறந்துபோனீரோ, கனம் நீதவான் அவர்களே?"

பிரஷாந்தனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

எப்படி மறப்பான்?

வழக்கு நடந்தது, விளையாட்டுக்காக அருந்தவன் கற்பனையில் கட்டிய நாட்டில். ஏழு ஆறு, நாற்பது ஊர். பழைய படுக்கை விரிப்பில் நீலப் பேனாவால் வரைபடம். சவர்க்காரக் கட்டியில் செதுக்கிய தாயக்கட்டை. ஆடி முடித்தால் கையெல்லாம் எலுமிச்சை மணக்கும்.

ஊர் ஊராகப் போகும் நீதவான், பிரஷாந்தன். அவனுடைய எழுத்தர், மூன்றாவது கூட்டாளி கீர்த்தனன். வழக்கோடு வருகிற அத்தனை பேரும் அருந்தவன்தான். நிழலைத் திருட்டுக் கொடுத்தவன், பேயோடு வேலிச் சண்டை பிடிப்பவள், அடைமழையைத் தன் காணிக்குள் மறித்து வைத்திருக்கும் முதலாளி. ஆளுக்கொரு குரல்.

சட்டங்களையும் அருந்தவனே போட்டான்.

நீதவானைத் தேடி ஒருவரும் போக வேண்டியதில்லை; அவன்தான் கழுதையில் ஏறி வர வேண்டும். போகிற ஊரின் பேச்சைப் பழகிக்கொண்டு போக வேண்டும். நடுவில் நின்று மொழிபெயர்க்க ஆள் கூடாது. கதிரையை அவனே சுமந்து வர வேண்டும். ஆனால் அதில் இருப்பது வழக்காளி. நீதவான் நின்றபடிதான் கேட்க வேண்டும். கதை முடியும்வரை குறுக்கே ஒரு கேள்வி கூடாது.

முடிந்ததும் ஒரு சொல். நம்பினேன், அல்லது நம்பவில்லை. அதைச் சொல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

"இதுக்குக் கழுதையாப் பிறந்திருக்கலாம்" என்பான் கீர்த்தனன்.

நாரைகள் மட்டும் வாழும் ஊர் ஒன்று இருந்தது. அங்கே போவதற்காகப் பிரஷாந்தன் ஒரு கிழமை முழுக்க நாரைபோலக் கத்திப் பழகினான். பக்கத்து அறைக்காரர்கள் சுவரில் குத்தினார்கள்.

அதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை என்று இப்போது தோன்றியது. வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், சொந்தமாகப் பெயின்டிங் வேலை. எல்லாம் இருக்கிறது. ஒரு கழுதைக்குப் பெயர் வைக்க ஒரு முழுப் பகலைச் செலவழிக்கும் நேரந்தான் இல்லை.

படகோட்டி வழக்குத்தான் கடைசி.

அரசனின் எதிரிகளை ஆற்றுக்கு அக்கரையில் இறக்கினான் என்று படகோட்டியைத் தேடுகிறார்கள். இறக்கியது உண்மை, முதுகில் கத்தி வைத்து மிரட்டியதும் உண்மை என்கிறான் அவன். திரும்பிப் போனால் உயிர் இல்லை. கதை அந்த இடத்தில் நின்றபோது பிரஷாந்தன் எழும்பிப் போக வேண்டி வந்தது.

"வந்து கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"சரி மச்சான், நம்பினேன்" என்றான் இப்போது. "காணுமோ? தோசை ஆறுது."

அருந்தவன் சிரிக்கவில்லை.

"கேளாமல் சொல்லக்கூடாது."

சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான். தாயக்கட்டை. மூலைகளும் புள்ளிகளும் தேய்ந்து, வெள்ளைக் கூழாங்கல் மாதிரி இருந்தது.

பிரஷாந்தன் அதை முகர்ந்தான். எலுமிச்சை போய்விட்டது.

ஆனால் மற்றதெல்லாம் வந்தது. அகதித் தடுப்பு முகாமின் இரட்டைக் கம்பிவேலி. நாளுக்கு நான்கு தடவை தலை எண்ண வரும் காவலர்கள். எண்ணி முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும். அன்று காலை ஒரு காவலர் வாசலில் நின்று அவன் வந்திறங்கிய படகை வைத்துக் கொடுத்த இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். விசா. பாதிக் கதையில் துள்ளி எழும்பினான், பையைத் தூக்கினான், ஓடினான். "வந்து கேக்கிறன்" என்றது வேலிக்கு வெளியே நின்றுதான்.

அங்கே யார் திரும்பிப் போவார்கள்?

பிறகு அருந்தவனையும் வெளியே விட்டார்கள். இங்கே பக்கத்தில் நோபல் பார்க்கில் இருக்கிறான், வேலை செய்கிறான். தொலைபேசியில் எத்தனையோ தரம் பேசியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தைப் பிரஷாந்தன் கேட்டதே இல்லை. அது எப்போதோ முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"உனக்கு விசா எந்த வருசம் வந்தது?"

அருந்தவன் தட்டைச் சுவரோரத் திட்டில் வைத்தான்.

"மூண்டு தரம் கூப்பிட்டு விசாரிச்சவை. ஒவ்வொரு தரமும் நடுவில ஒரு மொழிபெயர்ப்பாளர். பாதியில மறிச்சு மறிச்சுக் கேள்வி. மூண்டு தரமும் நம்பேல்லை எண்டுதான் கடிதம். இன்னும் தற்காலிக அனுமதியிலதான் இருக்கிறன்."

பிரஷாந்தனின் கைபேசி அடித்தது. விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட வந்தவர் கார் தரிப்பிடத்தில் காத்திருக்கிறார்.

அவன் கைபேசியை நிறுத்தினான். எழும்பினான். கதிரையைத் தூக்கி அருந்தவன் பக்கம் திருப்பி வைத்தான்.

அருந்தவன் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தான். தொண்டையைச் செருமினான். படகோட்டியின் கீச்சுக் குரலுக்காகப் பிரஷாந்தன் காத்து நின்றான்.

வந்தது அவனுடைய சொந்தக் குரல்.

"படகு இல்லை, மச்சான். நான் ஓட்டினது ட்ரக்டர்."