மாப்பிள்ளையின் கப்பல்

“நொய்யல் ஆத்துல கால் நனைக்கத் தண்ணியக் காணோம். மாப்பிள்ளைக்குக் கப்பல் கேக்குதாக்கும்!”

வெள்ளியங்கிரி சொன்னது மகள் அக்ஷராவிடம். காதில் விழ வேண்டியது மாப்பிள்ளைக்கு. சாப்பிட்டுக்கொண்டிருந்த சுரேந்தர் தலை நிமிரவில்லை.

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிற எவனும் செய்யாத காரியத்தை அவன் செய்திருந்தான். சரக்கு விஷயமாகக் கொச்சிக்குப் போனவன், கரையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அடியெல்லாம் சொரசொரப்பு, மேல்பலகை உளுத்தது, பாய் என்ற பெயரில் ஒரு கந்தல்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான். ஃபைபர் தூசி பட்ட இடமெல்லாம் அரிப்பு பிடுங்கியது. “இந்தக் கையோட கட்டில் பக்கம் வந்துறாதீங்க” என்று அக்ஷரா அவனை ஹாலுக்குத் துரத்திவிட்டாள்.

அரித்தாலும் அவனுக்கு அது பிடித்திருந்தது. எவனோ கேட்ட கலரில், எவனோ கேட்ட அளவில் வருஷமெல்லாம் தைத்துக் கொடுக்கிறவனுக்கு, யாரும் ஆர்டர் கொடுக்காத வேலை அது ஒன்றுதானே!

அப்புறம் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு மாதமாக ஷெட் பக்கமே எட்டிப் பார்க்க முடியவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பொங்கலூரிலிருந்து மகள் வீட்டோடு வந்துவிட்ட மாமனாருக்கோ, படகைக் கிண்டல் செய்வதுதான் பொழுதுபோக்கு. “கவுத்துப் போட்டாக் கோழியாவது அடைக்கலாம்” என்பார். அக்ஷரா வாயே திறப்பதில்லை. “தேங்காயெண்ணெய் தீந்துபோச்சு, வாங்கியாங்க” என்பதோடு சரி.

சுரேந்தர் கை கழுவிவிட்டு வந்து சொன்னான்.

“ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லீட்டனுங்க. படகைக் குடுத்தர்றேன். ஊட்டுல நிம்மதி இருந்தாப் போதும்.”

அக்ஷரா குண்டானை ணங்கென்று வைத்தாள். “அப்பாடா, பீடை ஒழிஞ்சுது!” என்றார் வெள்ளியங்கிரி.

ஞாயிறு காலை மினி லாரியோடு வந்து இறங்கினார் பழைய இரும்புக்காரர் ராக்கையா.

“ஃபைபருக்கு மதிப்பு கிடையாது தம்பி. அந்தப் பாய் கட்டுத அலுமினியக் கம்பத்தை அறுத்துக்கிடுதேன். மிச்சத்தை உடைச்சு அள்ளிட்டுப் போயிருதேன்.”

“உங்க கடை எந்தத் திக்குங்க?” என்று குறுக்கே வந்தார் வெள்ளியங்கிரி. மண்டையைப் பிளக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டன் வரை மாட்டியிருந்தார். எப்போதும் வெறும் பனியனோடு திரிகிற மனுஷர். ‘நம்ம கம்பெனி பனியன் மேலயும் வெறுப்பு வந்துருச்சாட்ட இருக்குது’ என்று நினைத்துக்கொண்டான் சுரேந்தர்.

“மேற்கேதான் அண்ணாச்சி.”

“ஞாயித்துக்கிழமை மேக்கே சூலமுங்க. ஒரு துரும்பு போகப்படாது.”

“அப்ப நாளைக்கு வாரேன்.”

“நாளைக்கு அஷ்டமிங்க.”

“நாளன்னைக்கு?”

“நவமி!”

“பழைய சாமானுக்குப் பஞ்சாங்கம் பாக்குற வீட்டை இப்பத்தான் பாக்கேன்!” ராக்கையா வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

கிண்டலும் இவரே, முட்டுக்கட்டையும் இவரே! சுரேந்தருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தான்.

படகு இரண்டு பக்கமும் மொழுமொழுவென்று இருந்தது. ஒரு இடத்தில்கூடச் சொரசொரப்பு இல்லை.

திகைத்துப்போய்த் திரும்பினான். பின்னாலேயே வந்திருந்த மாமனார், சட்டைக்கு மேலேயே கையைப் பறபறவென்று சொறிந்துகொண்டிருந்தார்.

“மாமா... நீங்களா?”

“மெல்லப் பேசுங்க மாப்ளே. அக்ஷராளுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும். இத்தன வயசாச்சு, நான் கடலே பாத்ததில்லீங்க. பாக்கறதுதான் பாக்கறோம், நம்ம சொந்தக் கப்பல்லயே போயிப் பாத்தரலாம்னு...”

சுரேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. “அதுக்காக ரெண்டு பக்கமும் நீங்களே தேச்சீங்களா?”

“வலப்பக்கம் மட்டுந்தானுங்க நானு. இடப்பக்கம், நான் மத்தியானம் படுத்துத் தூங்கற நேரத்துல நீங்க வந்து தேச்சுட்டுப் போறீங்கன்னல்லங்க நெனச்சேன்?”

சுரேந்தர் வீட்டை நோக்கி ஓடினான்.

“வண்டி போயிருச்சுங்களா? கம்பத்த அறுத்துட்டாங்களா?” என்று சமையல்கட்டிலிருந்து அழுத கண்ணோடு வந்த அக்ஷரா, தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு முழங்கையையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தாள்.