சுவரோரம் நின்ற குரல்

கிராமபோனின் பித்தளைக் குழாய்க்குத் தலைக்கனம் அதிகம். ஊரே தன் வாயைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறது! அன்று அதில் சுழன்றது டெர்மட் ஹாலரன் என்ற அயர்லாந்துப் பாடகரின் பழைய இசைத்தட்டு. பாட்டு முடிந்ததும் குழாய் இளக்காரமாகச் சிரித்தது.

“பெரிய பாடகராம்! உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் எங்கேயோ தள்ளிப் போய்விட்டதே. மூச்சு முட்டிவிட்டதோ?”

இசைத்தட்டுக்குச் சுருக்கென்றது.

“நான் வெறும் மெழுகுத் தட்டாக இருந்தபோது பதிந்த குரல் அது. அந்தப் பதிவு அறையிலும் உன்னைப் போல ஒரு குழாய், குரலை வாங்கி மெழுகில் கோடாகக் கீற, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மெல்லிய வரிகளை அதன் அருகில் நின்று பாடினார். உச்சம் வந்ததும் சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டார்.”

“ஏன், பயமா?”

“பயம்தான், எனக்காக. கிட்டே நின்று பாடியிருந்தால் மெழுகில் விழுந்த கோடெல்லாம் சிதறியிருக்கும்.”

“அப்படியென்றால் அவருடைய முழுக்குரல் உன்னிடமே இல்லையா?”

“இல்லை. அதனால்தான் அவர் போன பிறகும் பாட நான் இருக்கிறேன்,” என்றது இசைத்தட்டு, கம்பீரமாக.

“இன்னொரு தடவை போடுங்கள்!” என்றது கூட்டம். ஊசி இறங்கியது. உச்சம் நெருங்க நெருங்க, குழாய்க்கு முதல்முறையாகத் தன் வாய் சிறியதாகத் தெரிந்தது.