சந்தனப் பொட்டு

“இந்தப் பெட்டிமேல பொட்டு வெச்சது யாரு?”

விஞ்ஞானி அகல்யாவின் குரல் கேட்டு, ஆய்வுக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சரசா நிமிர்ந்தாள்.

“நான்தான் மேடம். நேத்து ஆயுதபூஜையாச்சே. இந்த அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்துக்கெல்லாம் வெச்சாங்க. ஒங்க பொட்டி இன்னா பாவம் பண்ணுச்சு?”

“உள்ள இருக்கறது ஒளியால கணக்குப் போடற சிப். அழுக்குப் படக்கூடாது. தொடைச்சிடுங்க.”

சரசா துடைத்தாள். அகல்யா திரையைப் பார்த்தாள். சிப்புக்கு ஒளி தரும் லேசரை அணைத்தால், மூடிய பெட்டிக்குள் ஒளியின் அளவு பூஜ்யம்தான் வர வேண்டும். மூன்று மாதமாக நானூறுதான் வருகிறது. இந்த வாரமும் பூஜ்யம் வராவிட்டால் அவளுடைய பத்து வருட ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

நேற்று மதியத்திலிருந்து சற்றுமுன் வரை, பதிவில் வரிசையாகப் பூஜ்யம். துடைத்த நிமிடத்திலிருந்து மறுபடியும் நானூறு.

பொட்டு இருந்த இடத்தைத் தடவினாள். ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

“சரசாக்கா, நடுவுல வைக்காம ஏன் இந்த ஓரத்துல வெச்சீங்க?”

“அங்கதான ஓட்டை கீது. உள்ள வெளிச்சம் போவக்கூடாதுன்னு தெனமும் ஜன்னலை மூடச் சொல்றீங்களே, அதான் அடைச்சேன்.”

“ஓட்டை இருக்கறது முன்னாடியே தெரியுமா?”

“தெனம் தொடைக்கிறவளுக்குத் தெரியாதா? யாரும் என்னைக் கேக்கல.”

அகல்யா தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்கக்கா. இதே மாதிரி அங்க இருக்கற மத்த ரெண்டு பெட்டியில என்னென்ன பார்த்தீங்க?”